மிரர்லெஸ் கேமராவில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்சுகள்

ரேஞ்ச்ஃபைண்டர் (தூரமானி) கேமராக்களுக்கென 1930களிலிருந்து தயாரான லென்சுகளை, அடாப்டர் வளையம் ஒன்றின் துணையோடு இன்றைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்களில் மாட்டிப் படமெடுக்கும் வழக்கம் 2008க்குப் பின் பரவியது. லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள இடைவெளியே இதைச் சாத்தியமாக்கியது.

லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா 1925இல் சந்தைக்கு வந்தது. அதன் லென்சைக் கழற்ற முடியாது. 1931இல் 39 மி.மீ. திருகுமரையும் 28.8 மி.மீ. இடைவெளியும் நிலைப்பட்ட பிறகுதான் எந்த லென்சையும் எந்த லைக்காவிலும் மாட்ட முடிந்தது. மறு ஆண்டு லென்சோடு இணைந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லைக்காவில் சேர்ந்தது; அதே ஆண்டில் சைஸ் ஐகானின் கான்டாக்ஸ் கேமராவும், அதற்காக லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த சொன்னார் லென்சும் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியம் சொன்னார் உள்ளிட்ட சைஸ் வடிவமைப்புகளைப் பின்பற்றி ஜூப்பிட்டர் லென்சுகளைச் செய்தது. ஜப்பானில் கேனனும் நிக்கானும் லைக்கா மரையில் லென்சுகளைத் தந்தன. 1950இல் லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கானின் நிக்கார் லென்சுகளோடு கொரியப் போரைப் படம்பிடித்தபோதுதான் மேற்குலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது.

1954இல் வந்த லைக்கா எம்3இல் இடைவெளி 27.8 மி.மீ. ஆனது. சரியாக 1 மி.மீ. குறைவு; அந்தத் தடிமனில் ஒரு வளையத்தை இட்டால் பழைய திருகு லென்சுகள் புதிய கேமராவிலும் வேலை செய்தன. அடாப்டர் என்னும் யோசனை டிஜிட்டல் காலத்துக்கு வெகு முந்தையது.

எஸ்.எல்.ஆர். கேமரா இந்தத் தொடர்ச்சியை அறுத்தது. உள்ளே கண்ணாடி எழுந்து தாழ இடம் வேண்டுமென்பதால் 1959இன் நிக்கான் எஃப் 46.5 மி.மீ. இடைவெளியைக் கொண்டிருந்தது. அதில் 50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்சை வைத்தால் ஒரு சாணுக்குச் சற்றே அப்பால் இருப்பது மட்டுமே தெளியும். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களிலும் இதே நிலைதான். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்களான எப்சன் ஆர்-டி1 (2004), லைக்கா எம்8 (2006) ஆகியவை வழி திறந்தாலும் விலை பலருக்கு எட்டவில்லை.

2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியை நீக்கி இடைவெளியைச் சுமார் 19 மி.மீ. ஆக்கியது, 2010இன் சோனி நெக்ஸ் 18 மி.மீ. ஆக்கியது. மிச்சமான 10 மி.மீ. அளவிலான இடத்தை நிரப்ப, உள்ளே கண்ணாடித்துண்டு ஏதுமற்ற வெறும் உலோக வளையம் போதும். ஆனால் அதன் துல்லியம் முக்கியம். 50 மி.மீ. லென்சில் அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துவிட்டால், சுமார் 25 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் சரியாக ஃபோகஸ் செய்ய முடியாது. அதனால்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரு நூலிழை மெலிதாகவே கடைகிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கிய லென்சின் பின்வளையத்துக்கு இங்கே வேலையில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

சிறிய சென்சார்கள் படத்தின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்தன. ஜி1இல் 50 மி.மீ. லென்சின் பார்வை 100 மி.மீ. லென்சுடையதாகச் சுருங்கியது. முழுச்சட்டக சென்சாரோடு 2013இல் வந்த சோனி ஏ7 இக்குறையை நீக்கியபோதே இந்த லென்சுகளின் இயல்பு முழுதாகப் புலப்பட்டது. சோவியத் இண்டஸ்டார்-61 லென்சில் துளையை 5.6க்கும் 8க்கும் இடையே வைத்தால் ஆறு இதழ்களும் நட்சத்திரமாகக் கூடும். பின்னணியிலுள்ள ஒளிப்புள்ளிகள் ஆறுமுனை நட்சத்திரங்களாகப் படியும். புதிய லென்சுகளின் வட்டத்துளையில் இந்த அழகு கிடைப்பதில்லை.

அகலக்கோண லென்சுகள் இந்த மாற்றத்தில் தோற்றன என்றே சொல்ல வேண்டும். சைஸ் பயோகான் வழிவந்த ஜூப்பிட்டர்-12இன் பின்வில்லை ஃபிலிமை நெருங்கி உட்புகுந்து நிற்கும். சில கேமராக்களின் உட்பகுதியில் முட்டவும் கூடும். அந்த வில்லையிலிருந்து ஓரங்களுக்குச் சாய்ந்து வரும் ஒளியை ஃபிலிம் ஏற்றுக்கொண்டது. சென்சாருக்கு மேல் 2 மி.மீ. அளவிலான காப்புக் கண்ணாடி இருந்தால் அதே ஒளி விலகி மூலைகள் குழம்புகின்றன, விளிம்புகளில் ஊதாநிறம் ஏறுகிறது. எம்8இல் லைக்கா அந்தக் கண்ணாடியை 0.5 மி.மீ. ஆக மெலித்ததன் காரணம் இதுவே. வேறு கேமராக்களில் அதைப் பிரித்து மெல்லியதைப் பொருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு. 50 மி.மீ., அதற்கு மேற்பட்ட லென்சுகளில் இத்தொல்லை மிகக் குறைவு.

ரேஞ்ச்ஃபைண்டரின் எல்லை காரணமாகப் பழைய லென்சுகள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நெருங்குவதில்லை. உள்ளே திருகுச் சுருளுள்ள அடாப்டர்கள் லென்சையே முன்னுக்குத் தள்ளி இதைக் கடந்தன. 2016இல் டெக்ஆர்ட் நிறுவனம் மோட்டார் பொருத்திய அடாப்டரில் இவ்வசைவைக் கேமராவிடமே ஒப்படைத்தது. லென்சின் வளையத்தை முடிவிலியில் நிறுத்திவிட்டால், எழுபது எண்பது ஆண்டுப் பழைய லென்ஸும் தானியங்கி ஃபோகஸில் இயங்குகிறது.