திரைக்கு நேரம் குறித்தவர்கள்

டென்ட் கொட்டகைக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் திரை நேரத்தைச் சூரியன்தான் தீர்மானித்தது. கீற்றும் துணியும் போட்ட கொட்டகைக்குள் வெளிச்சம் புகும். பொழுது சாயாமல் படம் ஓட்ட முடியாது. உரிமக் காலம் முடிந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அல்லிநகரத்தில் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்தில் இளையராஜாவும் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. தென் மாவட்டங்களில் படம் தெளிவாகத் தெரிய, கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழ வேண்டியிருந்தது. அதன் பிறகும் கிராமத்துக்குக் கிடைத்தது அளந்த நேரம்தான். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலை ஒரு படம். பல ஊர்களில் பெட்டி ஊராட்சி அறையில் இருக்கும்; சாவி ஒருவர் கையில் இருக்கும்.

திரை எல்லாரையும் எட்டவில்லையே என்பதுதான் அன்றைய அரசுகளின் கவலை. தமிழ்நாட்டில் அந்தக் கவலை 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தோடு தீர்ந்தது. ஐந்தாண்டுக்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2016-க்குப் பிறகு மலிவான இணையத்தோடு செல்போன் பரவியது. 2020-ல் கொரோனா பள்ளிக்கூடத்தையே அதற்குள் கொண்டுபோய் வைத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு அதிகபட்சம் இரண்டு இணைய வகுப்புகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று அந்த ஜூலையில் மத்திய அரசு வரம்பு கட்டியது.

மருத்துவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். இரண்டு வயதுக்குள் தொலைக்காட்சி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1999-லேயே சொன்னார்கள். 2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கணக்கும் ஏறக்குறைய இதுவே: இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு மணி நேரம், பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள்.

மேற்பார்வை என்ற இடத்தில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டி போன்ற ஊர்களுக்குச் சிக்கல். இங்கே பன்னீர் திராட்சைக்குத் தனிப் பருவம் கிடையாது. கவாத்தும் அறுவடையும் வருடம் முழுக்க மாறி மாறி நடக்கும். தோட்ட வேலைக்குப் போகும் தாய் செல்போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனால், நேரம் பார்க்க வீட்டில் ஆளில்லை. அறிவுரையோ வீட்டாரை நோக்கியே பேசுகிறது. கொட்டகைக் காலத்திலும் ஊராட்சிப் பெட்டிக் காலத்திலும் வரம்பு வீட்டுக்கு வெளியே இருந்தது.

அந்த வரம்பை மீண்டும் ஊர்ப் பொறுப்பாக்கிய ஒரு கிராமம் மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில் இருக்கிறது. மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற அந்த ஊரில் 2022 ஆகஸ்ட் முதல் மாலை ஏழு மணிக்குச் சங்கு ஒலித்தது. எட்டரை வரை எல்லா வீட்டுத் திரைகளையும் அணைக்க வேண்டும். பிள்ளைகளின் செல்போனோடு பெரியவர்களின் சீரியலும் அந்த ஒன்றரை மணி நேரம் நின்றது.