டிசம்பரில் எழுதிய தீர்ப்பு

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 4:1-5, சகரியா 4:6-10



இந்த வாரத் தியானத்துக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுச் செய்திக்கும் வேத தியானத்துக்கும் என்ன தொடர்பு என்று மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். தொடர்பு அந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டு இளைஞர் ஆசிரியராக இருந்தார். மான்ட்ரியலில் இறையியல் பயின்று, ஊழியத்துக்கென ஆயத்தமானவர் அவர். குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் பொறுமையிழந்திருந்த பதினெட்டு மாணவர்களுக்காக, உடற்பயிற்சிக் கூடத்தின் இரு முனைகளிலும் பீச் பழக்கூடைகளைக் கட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, ஒரு புதிய விளையாட்டை வகுத்தார். ஒருவரையொருவர் இடித்து வீழ்த்தாமல் ஆடத்தக்க விளையாட்டு வேண்டும் என்பதே அவர் கருத்து. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் பிரெஸ்பிடேரியன் சபையின் போதகராகவும் அபிஷேகம் பெற்றார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நம் பள்ளி மைதானங்களில் நிற்கும் கூடைப்பந்துக் கம்பங்களுக்கும் அந்தப் பழக்கூடைகளுக்கும் இப்படியோர் உறவு உண்டு.

இந்த விளையாட்டு முதலில் வேரூன்றிய இடங்களில் சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் பல. 1895 பிப்ரவரியில் மினசோட்டா மாநிலத்தின் ஹாம்லின் என்னும் மெதடிஸ்ட் கல்லூரி, வேளாண்மைப் பள்ளி ஒன்றுடன் ஆடியது. பக்கத்துக்கு ஒன்பது பேர், முடிவு 9-3, ஹாம்லின் தோற்றது. கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டமாகப் பலரும் குறிப்பிடுவது இதனையே.

காலப்போக்கில் பெரிய பல்கலைக்கழகங்கள் வந்தன. பதினாயிரம் பேர் அமரும் அரங்கங்கள் எழுந்தன. 1949 முதல் பத்திரிகையாளர்கள் வாரந்தோறும் வாக்களித்து, எந்த அணி முதலிடம், எந்த அணி இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தலானார்கள். பருவம் நவம்பரில் தொடங்கி, வசந்த காலத்தில் முடியும். ஆனால் ரசிகர்களோ வசந்தம்வரை காத்திருப்பதில்லை. நான்கு ஆட்டங்கள் முடிந்தவுடனே கணக்குப் போடத் தொடங்குவார்கள். 'இந்த அணி அந்த அணியை வென்றது, அந்த அணி இன்னோர் அணியை வென்றது, ஆகவே இதுவே எல்லாரிலும் வலியது' என்பதே அவர்களுடைய தருக்கம். சிறிய கல்லூரிகளின் ஆதரவாளர்களோ, பெரிய பட்டியலில் தங்கள் பெயர் வராது என்று அறிந்தும், தங்களுக்குள் இதே கணக்கை இன்னும் ஆர்வத்தோடு போடுவார்கள்.

1982 டிசம்பரில் அந்தக் கணக்கின்படி முதலிடத்தில் இருந்தது விர்ஜீனியா பல்கலைக்கழகம். அதன் நடுநாயகமாக விளங்கியவர் ரால்ஃப் சாம்சன். உயரம் 7 அடி 4 அங்குலம். நம் வேதாகமத்தின் சிம்சோனுடைய பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர். 1981 முதல் 1983 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்னும் விருதைப் பெற்றவர். அந்த மாதத்தில் விர்ஜீனியா, பேட்ரிக் யூயிங் ஆடிய ஜார்ஜ்டவுன் அணியை வென்றது. பின்னர் ஜப்பானுக்குச் சென்று, சாம்சன் நோயுற்று ஆடாத நிலையிலும், ஹூஸ்டன் அணியை வென்றது. எட்டு ஆட்டங்கள், எட்டிலும் வெற்றி. ஊர் திரும்பும் வழியில் ஹவாய்த் தீவில் தங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுச் செல்வது என்று ஏற்பாடு.

எதிரணி சாமினாட். 1955இல் மரியானிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையார் ஹோனலூலுவில் நிறுவிய சிறு கல்லூரி. மாணவர் தொகை ஏறத்தாழ தொள்ளாயிரம். பயிற்சியாளர் மெர்வ் லோப்ஸ், பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராகவும் பணிபுரிந்தவர். அந்த ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவருடைய அணி, டெக்சாஸ் மாநிலத்தின் வேய்லண்ட் பாப்டிஸ்ட் என்னும் இன்னொரு சிறு கல்லூரியிடம் தோற்றிருந்தது. சாம்சனைத் தடுத்து ஆடும் பொறுப்பு டோனி ராண்டால்ஃப் என்பவருக்கு வந்தது. சாம்சனைவிடப் பல அங்குலம் உயரம் குறைந்தவர். ஆனால் அவரும் விர்ஜீனியா மாநிலத்திலேயே வளர்ந்தவர். பள்ளி நாட்களில் சாம்சனுக்கு எதிராக ஆடிப் பழகியவர். உலகம் அண்ணாந்து பார்த்த மனிதரை அவர் முன்பே அறிந்திருந்தார்.

டிசம்பர் 23 இரவு. பாதி ஆட்டம் முடிந்தபோது இரு அணிகளும் 43 புள்ளிகளில் சமமாக நின்றன. ஆட்ட முடிவில் சாமினாட் 77, விர்ஜீனியா 72. சாம்சன் 12 புள்ளிகளே எடுத்தார், ராண்டால்ஃப் 19.

அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. ஹோனலூலுவில் இரவு என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு கடந்த நேரம். விர்ஜீனியா மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்து பிறப்பின் முந்தின நாள் காலையில் கண்விழித்தவர்கள், தங்கள் அணி பெயர்கூடக் கேட்டிராத ஒரு கல்லூரியிடம் தோற்றது என்ற செய்தியைக் கேட்டார்கள். எண்கள் இடம் மாறிவிட்டன என்று எண்ணியவர்களும் உண்டு.

இப்போது அந்த ரசிகர்களின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேய்லண்ட் பாப்டிஸ்ட் சாமினாடை வென்றது. சாமினாட் விர்ஜீனியாவை வென்றது. விர்ஜீனியா ஜார்ஜ்டவுனையும் ஹூஸ்டனையும் வென்றது. ஆகவே நாடு முழுவதிலும் வலிய அணி வேய்லண்ட் பாப்டிஸ்ட்! நகைக்கிறோம். ஆனால் நாம் மனிதரை எடைபோடும் முறை இதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது?

அன்பானவர்களே, இந்த வரலாற்றைப் பலர் தாவீது, கோலியாத் கதையோடு ஒப்பிட்டு, 'சிறியவர் இறுதியில் வெல்வார்' என்று முடித்துவிடுவார்கள். அவ்வாறு முடிப்பது எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. அந்த வெற்றியின் விளைவாக 1984 முதல் மாவி தீவில் பெரிய பல்கலைக்கழகங்கள் கூடும் போட்டித்தொடர் ஒன்று உருவாயிற்று. அதை முன்னின்று நடத்தியது சாமினாட். பருவத்தின் தொடக்கத்தில், நவம்பரில், பெரும் அணிகள் லஹைனா ஊரின் சிறிய அரங்குக்கு வரும். சாமினாட் அவற்றோடு ஆடும். 2012இல் டெக்சாஸையும் 2017இல் கலிபோர்னியாவையும் வென்றது. ஆயினும் அந்தத் தொடரில் அது ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவை தோல்வியே. தோற்போம் என்று ஏறக்குறைய அறிந்தும், ஆண்டுக்கு ஆண்டு விருந்தாளிகளை வரவேற்று, அவர்களோடு களமிறங்கினார்கள். வெற்றி பெற்ற ஓர் இரவைவிட இந்த நீண்ட உண்மைத்தன்மையே என் உள்ளத்தை அதிகமாகத் தொடுகிறது.

அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1983 ஜனவரியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் விர்ஜீனியாவிடம் தோற்றது. அந்த ஆட்டத்தில் அதன் முக்கிய வீரர் டெரிக் விட்டன்பர்க்கின் பாத எலும்பு முறிந்தது. அத்துடன் அந்த அணியின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அவர் குணமாகித் திரும்பினார். மார்ச்சில் அதே அணி விர்ஜீனியாவை 63-62 என்று ஒரே புள்ளியில் வென்றது. ஏப்ரல் 4 அன்று, முதலிடத்தில் இருந்த ஹூஸ்டனை 54-52 என்று வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றது. அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் தோற்ற அணி அது. டிசம்பரில் எழுதிய தீர்ப்பு ஏப்ரலில் செல்லாமற்போயிற்று.

கொரிந்து பட்டணத்தார் விளையாட்டை நன்கு அறிந்தவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் ஊருக்கு அருகில் இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்றன. ஓடுகிறவனையும் வாடிப்போகும் கிரீடத்தையும் பவுல் அவர்களுக்கு உவமையாக எழுதியது காரணமின்றியன்று. ஆனால் அவர்கள் அரங்கத்தின் மனப்பான்மையைச் சபைக்குள்ளும் கொண்டுவந்தார்கள். ஒருவர் பவுலின் கட்சி, ஒருவர் அப்பொல்லோவின் கட்சி, ஒருவர் கேபாவின் கட்சி. ஊழியர்களை வரிசைப்படுத்தினார்கள். அவர்களுக்கு அப்போஸ்தலன் சொன்ன மறுமொழி இதுதான்: உக்கிராணக்காரனிடம் தேடப்படுவது உண்மை. மனிதர் என்னை ஆராய்ந்து தீர்ப்பது எனக்குப் பெரிதன்று. நானும் என்னைத் தீர்த்துக்கொள்வதில்லை. இருளில் மறைந்திருப்பதையும் இருதயத்தின் யோசனையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் கர்த்தர் வரட்டும். அதுவரை எவரையும் முந்திக்கொண்டு தீர்க்கவேண்டாம்.

எருசலேமில் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் இட்ட நாளையும் நினைத்துப் பாருங்கள். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்த சத்தமாய் அழுதார்கள் என்று எஸ்றாவின் புத்தகம் சொல்கிறது. அவர்கள் அஸ்திபாரத்தைப் பார்த்தே ஆலயத்துக்குத் தீர்ப்பு எழுதினார்கள். வேலை தடைப்பட்டது, ஆண்டுகள் கடந்தன. அந்தச் சிறிய தொடக்கத்தை இகழாதிருக்கும்படி சகரியாவின் மூலமாய்க் கர்த்தர் பேசினார். தரியு அரசனின் ஆறாம் ஆண்டில் ஆலயம் கட்டி முடிந்தது.

நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளாக, வேறு ஊரின் ஊழியர் ஒருவரைச் சந்தித்தால் என் நாவில் முதலில் வந்த கேள்வி, 'உங்கள் சபையில் எத்தனை குடும்பங்கள்?' என்பதே. பன்னிரண்டு குடும்பங்கள் என்றால் என் மனம் அவரை ஓரிடத்தில் நிறுத்தும். இருநூறு என்றால் வேறோரிடத்தில். என் கண்ணைச் சந்திக்காமல் தாழ்ந்த குரலில் எண்ணிக்கை சொன்ன ஒரு சகோதரரின் முகம் இன்றும் என் நினைவில் நிற்கிறது. அவர் எந்த வெயிலில் எத்தனை வீடுகளுக்கு நடந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்பதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத விரும்புகிறேன்; அதற்குமுன் அவர் கர்த்தரிடம் சென்றுவிட்டார்.

ஆகவே பிரியமானவர்களே, நம் வீட்டில் அரைப் பரீட்சையில் தவறிய பிள்ளையிடம் இந்த வாரம் என்ன சொல்லப்போகிறோம்? ஒருமுறை விழுந்து, சபைக்கு வர வெட்கப்பட்டு வெளியே நிற்கும் வாலிபனை எந்த வரிசையில் வைத்திருக்கிறோம்? நன்றாய்த் தொடங்கியதனால் நம்மையே முதலிடத்தில் நிறுத்திக்கொண்டோமா? பருவம் இன்னும் முடியவில்லை. தீர்ப்பு எழுதும் கோல் நம் கையில் கொடுக்கப்படவும் இல்லை.

ஜெபம்: இருதயங்களை அறிந்த ஆண்டவரே, நாங்கள் அவசரப்பட்டு எழுதிய தீர்ப்புகளை எங்களுக்கு மன்னியும். சிறியவர்களை இகழாத கண்களையும், தோல்வியிலும் களத்தை விட்டு விலகாத உண்மையையும் எங்களுக்குத் தாரும். நீர் வருமளவும் எங்களைப் பொறுமையாய்க் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.