திருடு போன காருக்கு யார் விலை சொல்வது?

போன மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு பையனின் கார் திருடு போய்விட்டது. பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "அங்கிள், ஐ.டி.வி. நாலு லட்சத்து இருபதாயிரம்னு போட்டிருக்கு. அது முழுசா வருமா, இல்ல பேரம் பேசுவாங்களா?" என்று கேட்டான். கட்டாயக் கழிவாக ஓர் ஆயிரம், இரண்டாயிரம் போக மீதி வரும், காகிதங்கள் சரியாக இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகுதான் யோசித்தேன். இதே கேள்வியை 1997-இல் நான் கேட்டபோது எனக்கு யாரும் இப்படி ஒரு வரியில் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடிந்திருக்காது. அந்த 'ஐ.டி.வி.' என்ற மூன்றெழுத்தே அப்போது கிடையாது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். நம் நாட்டில் மோட்டார் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்றானது 1939-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தால். சட்டம் 1939 என்றாலும் அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 முதல்தான். ஆனால் கட்டாயம் என்பது மூன்றாம் நபருக்கு, அதாவது நம் வண்டியால் அடிபடுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு மட்டும். நம் வண்டியே காணாமல் போனால் அந்த பாலிசியில் ஒரு பைசா தேறாது. 'ஆக்ட் பாலிசி' என்று சொல்வார்கள். என் பெரியப்பா அம்பாசடர் வைத்திருந்த காலம் முழுவதும் ஆக்ட் பாலிசிதான். "திருடினா ஊருக்கே தெரியும், எங்க கொண்டுபோய் ஒளிப்பான்?" என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தெருவுக்கு ஒரு கார் இருந்த காலம் அது.

திருட்டுக்கும் சேர்த்துப் பணம் வேண்டுமென்றால் 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசி எடுக்க வேண்டும். 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமை. நூற்றேழு கம்பெனிகளை ஒன்றுசேர்த்து நாலாக்கினார்கள். கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், நம்ம மெட்ராஸில் யுனைடெட் இந்தியா. நாலில் எங்கே போனாலும் பிரீமியம் ஒன்று, பாலிசியின் வாசகமும் ஒன்று. டாரிஃப் அட்வைசரி கமிட்டி என்ற அமைப்பு வகுத்த விகிதத்தை யாரும் மீற முடியாது. இங்கே சரியில்லை, அங்கே போகிறேன் என்று மிரட்டுகிற வழியே இல்லை.

அந்தப் பொது வாசகத்தில்தான் வம்பு இருந்தது. வண்டியின் மதிப்பை நாமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதை 'ஐ.இ.வி.' என்பார்கள். காப்பீடு எடுப்பவரின் மதிப்பீடு என்று பொருள். அந்தத் தொகைக்குத்தான் பிரீமியம். ஆனால் வண்டி போனால் தருவது அந்த மதிப்பீடு அல்லது திருட்டு நடந்த நாளில் வண்டியின் சந்தை மதிப்பு, இதில் எது குறைவோ அது.

'எது குறைவோ அது.' இந்த மூன்று சொல்லை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. எந்தக் காலத்திலும் இது வண்டிக்காரர் பக்கம் சாய்ந்ததே இல்லை. அறுபது, எழுபதுகளில் அம்பாசடர், ஃபியட், நம்ம ஊரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவை மட்டும்தான் கார். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விற்பனைக்கும் விநியோகத்துக்கும் 1959-இலேயே கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் ஓடிய வண்டியைப் புது வண்டி விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினார்கள். அப்போது சந்தை மதிப்பு அதிகம், பாலிசியில் எழுதிய மதிப்பு குறைவு. குறைவானது கிடைக்கும். மாருதி வந்து, கார் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு நிலைமை தலைகீழ். பழைய வண்டியின் சந்தை மதிப்பு இறங்கியது. இப்போதும் குறைவானதே கிடைத்தது. தராசின் எந்தத் தட்டு இறங்கினாலும் கம்பெனிக்கு லாபம்.

என் கதைக்கு வருகிறேன். 1992 கடைசியில் பி.எஃப். கடன் போட்டு வாங்கிய வெள்ளை மாருதி 800. 1997 ஆவணி மாதம், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு முகூர்த்தத்துக்குப் போனோம். தாம்பூலப் பையோடு வெளியே வந்தால் வண்டி இருந்த இடத்தில் ஒரு மீன்பாடி வண்டி நின்றுகொண்டிருந்தது. வேறு இடத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிட்டேன் என்றே மனைவி சொன்னாள். தெரு முழுக்க இரண்டு முறை நடந்த பிறகுதான் அவளும் பேசாமலானாள். பட்டுப்புடவையோடு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். பி.எஃப். கடனுக்கு இன்னும் பதினான்கு மாதப் பிடித்தம் பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். இரண்டு நாள் தேடிப் பாருங்க சார் என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரவு ஒன்பதரைக்கு எஃப்.ஐ.ஆர். பதிவானது, இந்திய தண்டனைச் சட்டம் 379. மறுநாள் காலை இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கடிதம். இந்த இரண்டையும் உடனே செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரியாது. நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "புதுப்பேட்டைல போய்ப் பாரு, உன் கார் கதவு உனக்கே கிடைக்கும்" என்று கேலி செய்தார்கள். நான் ஒருநாள் போயும் பார்த்தேன் என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

கண்டுபிடிக்க இயலவில்லை என்று போலீஸ் சான்று தர ஐந்து மாதம் ஆயிற்று. அதன் பிறகே சர்வேயர் கணக்கைச் சொன்னார். பாலிசியில் மதிப்பு 1,30,000. அவர் எழுதியது 88,000.

எப்படி வந்தது இந்த 88,000 என்று கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் காட்டினார். 1992-இல் நான் வாங்கிய விலையை எடுத்து, வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்திருந்தார். பார்த்தவுடன் எனக்கு ஏதோ உறுத்தியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவிதான் கேட்டாள். "நாம இப்ப ஒரு பழைய மாருதி வாங்கணும்னா 92-ஆம் வருஷத்து விலையிலயா தருவாங்க?"

அதுதான் விஷயம். இடையில் புது மாருதியின் விலை நன்றாக ஏறியிருந்தது. புதுசு ஏறினால் பழசும் கூடவே ஏறும். பாலிசி சொல்வது திருட்டு நடந்த நாளின் மதிப்பை, வாங்கிய நாளின் விலையை அல்ல. தேய்மானம் கழிப்பதென்றால் இன்றைய புது வண்டி விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஆங்கிலப் பேப்பரின் விளம்பரப் பக்கத்தை மனைவி கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டினாள். 92, 93 மாடல் மாருதி மட்டும், அதிக விலை கேட்டவை, குறைந்த விலை கேட்டவை எல்லாமே. பிடித்ததை மட்டும் ஒட்டினால் நம்மை நம்ப மாட்டார்கள் என்றாள். பழைய கார் விற்கும் இரண்டு கடைகளில் அவர்கள் லெட்டர்ஹெட்டிலேயே விலை எழுதி வாங்கினேன். சர்வீஸ் பில்கள், திருட்டுக்கு ஆறு மாதம் முன்பு மாற்றிய நாலு டயரின் பில், பேட்டரி பில் எல்லாம் சேர்த்து, பதிவுத் தபாலில் அக்னாலட்ஜ்மென்ட் அட்டையோடு டிவிஷனல் மேனேஜருக்கு அனுப்பினேன்.

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். "சார், பேப்பர்ல போடறது கேக்கற விலை. விக்கற விலை இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அதற்காக ஐந்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். சர்வேயர் ரிப்போர்ட்டைத் தாண்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார் அடுத்தபடியாக. இங்கேதான் என்னோடு வேலை பார்த்த ஒரு சட்டம் படித்த நண்பர் உதவினார். இன்சூரன்ஸ் சட்டத்தில் 64யு.எம். என்ற பிரிவு. இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் போகிற நஷ்டத்துக்கு லைசென்ஸ் பெற்ற சர்வேயரின் அறிக்கை அவசியம் என்று அப்போது சொன்ன அதே பிரிவு, சர்வேயர் சொன்ன தொகைக்கு மாறாகத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். படித்தார். காபி சொன்னார்.

பேசாமல் 88,000-க்கான வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருந்தால் 'முழுமையும் இறுதியுமான தீர்வு' என்ற வரி அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் அதோடு வாயை மூட வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வற்புறுத்தலின் பேரிலோ மோசடியாலோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால் பிறகும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1999-இல். நான் கையெழுத்துப் போடாததற்குச் சட்ட ஞானம் காரணமில்லை, பிடிவாதம்தான். 1986 சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் மன்றம் இருந்தது, அப்போது கட்டணமும் கிடையாது. அங்கே போவேன் என்று கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் எழுதினேன், நேரில் ஒருமுறையும் சொல்லவில்லை. மேலும் இரண்டு முறை பேசி, 1,18,500-க்கு முடிந்தது. ஆர்.சி. புத்தகம், இரண்டு சாவி, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். இன்னும் ஐயாயிரம் கேட்டிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

நான் பட்ட பாட்டுக்கு அடுத்த வருடமே, 1998 நவம்பரில், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் விதிகள் வந்தன. வக்கீல் வேண்டாம், செலவு இல்லை. சென்னையிலும் அலுவலகம் உண்டு. பிறகு 2002 ஜூலை 1 முதல் மோட்டார் டாரிஃபையே மாற்றி எழுதினார்கள். ஐ.இ.வி. போய் ஐ.டி.வி. வந்தது. பாலிசி தொடங்கும் நாளில் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் விலை, அதிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50 என்று தேய்மானம். ஐந்து வருடத்துக்கு மேலே இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த வருடத்துக்குள் வண்டி திருடு போனால் அதே தொகை. சந்தை மதிப்பு என்ற பேச்சே கிடையாது. வாங்கிய விலை அல்ல, இன்றைய விலை! இதை முதலில் பேப்பரில் படித்த அன்று மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

பழைய வழக்குகள் இழுத்துக்கொண்டேதான் இருந்தன. 3,54,000 என்று மதிப்புப் போட்டு பிரீமியம் வாங்கி ஏழு மாதத்தில் வண்டி விபத்தில் போனபோது, ஏறக்குறைய பாதி தருகிறோம் என்ற கம்பெனியை உச்ச நீதிமன்றம் 2008-இல் கண்டித்து, பத்தாயிரம் மட்டும் கழித்துக் கொடுக்கச் சொன்னது. எனக்கு அது பதினோரு வருடம் தாமதம்.

விலைச் சண்டை ஓய்ந்ததும் சண்டை வேறு இடத்துக்கு மாறியது. கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னாய் என்று கிளெய்மையே நிராகரிப்பது. 2010-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிச் சொன்னார்கள். டிராக்டர் திருடு போன அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார், கம்பெனிக்குச் சொன்னது 52 நாள் கழித்து. திருட்டு உண்மை, போலீசுக்கு உடனே சொல்லியாயிற்று, அதனால் தாமதத்தைக் காட்டி மறுக்க முடியாது என்று தீர்ப்பு. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய லாரி டிரைவர் வழக்கில் 2023-இல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னார்கள். முழுதும் இல்லை, ஒன்றுமில்லாமலும் இல்லை. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

2007-க்குப் பிறகு நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்றானது. இதில் ஒரு புதுக் கோளாறு. பிரீமியம் குறைய வேண்டுமென்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். போன மார்ச்சில் எனக்கு வந்த புதுப்பித்தல் நோட்டீசிலும் அப்படித்தான் இருந்தது. எழுநூறு ரூபாய் மிச்சம், முப்பதாயிரம் மதிப்புக் குறைவு. திருப்பி அனுப்பி ஏற்றச் சொன்னேன். பேரம் பேசும் நாள் இப்போது அதுதான், வண்டி போன பிறகு அல்ல.

1999-இல் தென்மாவட்டத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறது, வண்டியை நீல நிறம் அடித்து ஓட்டியிருக்கிறார்கள், வந்து பார்க்கிறீர்களா என்றார் ஏட்டு. வண்டி இப்போது கம்பெனியுடையது, அவர்களுக்குச் சொல்லுங்கள் என்று விலாசம் கொடுத்தேன். போனை வைக்கப் போனவரிடம், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் இருக்கிறாரா என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு போன் வரவில்லை.