பனிக்கண்டத்தில் ஒரு மார்ச் மாதம்

தென் துருவத்தை நாடிச் சென்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் நால்வரும் மீளாமற் போனதற்கு யார் பொறுப்பு என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. முதலில் அவரை மாவீரர் என்று போற்றினர். பிற்காலத்து நூலாசிரியர் சிலர் திட்டமிடத் தெரியாதவர் என்று தூற்றினர். இவ்வழக்கில் வெப்பமானி என்றொரு சாட்சி உண்டு. அதன் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

துருவப் பயணத்தில் வானிலைக்கு அஞ்சாதவர் எவருமில்லை. ஸ்காட்டை முந்திக்கொண்ட நார்வே நாட்டு அமுன்சனும் 1911 செப்டம்பர் 8ஆம் நாள் அவசரப்பட்டுப் புறப்பட்டு, −50 பாகைக்கும் கீழிறங்கிய குளிரில் காலடிகள் உறைந்துபோக, வந்த வழியே திரும்பினார். அக்டோபரில் மீண்டும் கிளம்பி, டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார். திரும்பி வரத் தெரிந்ததே அவருடைய பெருந்திறமை என்பது நம் எண்ணம்.

ஸ்காட்டின் குழுவில் ஜார்ஜ் சிம்ப்சன் என்னும் வானிலை அறிஞர் இருந்தார். சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய இவரைக் கேட்டுப் பெற்று அழைத்துச் சென்றனர். கிடைத்த கணக்குகளை வைத்து, எந்தத் திங்களில் எவ்வளவு குளிரும் என்று ஓரளவு எதிர்பார்க்க அவர் உதவினார். ஆயினும் முதல் அடி குளிரால் வரவில்லை, வெதுவெதுப்பால் வந்தது! 1911 டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிய பனிப்புயல், பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் நான்கு நாள்கள் அவர்களைக் கூடாரத்துக்குள் முடக்கிற்று. வெப்பநிலை உறைநிலைக்கு மேலேறியதால் பனி நீராக உருகி, உடைகளும் படுக்கைப் பைகளும் ஊறிப்போயின. மேட்டு நிலத்துக்கென வைத்திருந்த உணவில் கைவைக்க நேர்ந்தது.

1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்தபோது அங்கே அமுன்சனின் கூடாரம் நின்றது. திரும்பும் வழியில் எட்கர் எவான்ஸ் பிப்ரவரி 17 அன்று இறந்தார். எஞ்சிய நால்வரும் பெரும் பனித்தட்டில் இறங்கிய பின்னரே உண்மையான சோதனை தொடங்கிற்று.

அரபியில் கடுங்குளிருக்கு ‘ஸம்ஹரீர்’ என்றொரு சொல் உண்டு. வெயிலில் வாழும் நாம் அதை அகராதியில்தான் அறிவோம். அவர்கள் அதைத் தோலால் அறிந்தனர். பிப்ரவரிக் கடைசியிலிருந்து இரவுக் குளிர் −40 பாகையை ஒட்டிச் சென்றது. இயல்பைவிட இது ஏறத்தாழ 10 பாகை கடுமையானது. முதுகுப்புறமிருந்து வீசி, சறுக்கு வண்டியின் பாயைத் தள்ளிச் செல்லும் என்று நம்பிய தென்காற்றும் போதிய அளவு வீசவில்லை. இவ்வளவு குளிரில் வண்டியின் அடிப்பட்டைகளுக்கும் பனிக்கும் இடையே வழுக்குவதற்கு வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதில்லை. எனவே வண்டியை இழுப்பது பாலை மணலில் இழுப்பதை ஒத்திருந்தது. கிடங்குகளில் வைத்த மண்ணெண்ணெயும் தகரங்களிலிருந்து கசிந்து குறைந்திருந்தது. காலுறைந்த ஓட்ஸ், தம்மால் மற்றவர்க்குத் தாமதம் வேண்டாமென்று மார்ச் நடுவில் புயலுக்குள் இறங்கி நடந்தார்.

எனினும் குற்றம் முழுவதையும் வானத்தின் மீது சுமத்த நாம் உடன்படோம். பெருங்கிடங்கை 80 பாகை அட்சத்தில் வைப்பதாகவே ஏற்பாடு. ஆனால் 1911 பிப்ரவரியில் மட்டக்குதிரைகள் தளர்ந்துபோக, ஏறத்தாழ 57 கிலோமீட்டருக்கு இப்பாலே வைத்துவிட்டனர். ஓட்ஸ் அப்போதே மறுத்துரைத்தார். ஸ்காட் இரங்கித் திரும்பினார். கடைசிக் கூடாரம் நின்ற இடத்துக்கும் அக்கிடங்குக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 20 கிலோமீட்டர். திட்டமிட்ட இடத்தில் வைத்திருந்தால், அதைத் தாண்டியே வந்திருப்பார்கள். அன்று குதிரைகளுக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை ஓராண்டுக்குப் பின் மனிதர் கொடுத்தனர்.

சூசன் சாலமன் என்னும் அமெரிக்க அறிஞர், தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளோடு ஸ்காட் குழுவின் பதிவுகளை ஒப்பிட்டு 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த மார்ச்சின் குளிர் அரிதானது என்பதை அவர் நிலைநாட்டினார். ஆனால் கடைசிப் புயல் ஒன்பது பத்து நாள்கள் ஓயாமல் அடித்தது என்பதை அவர் ஐயுறுகிறார். அப்பகுதிப் புயல்கள் அவ்வளவு நீடிப்பதில்லையாம். அப்படியாயின் ஏன் அவர்கள் வெளியேறவில்லை? நடக்கவியலாத ஸ்காட்டை விட்டுப்போக வில்சனும் பவர்ஸும் மனம் ஒப்பவில்லையா? நாம் அவ்வாறே கருதத் தலைப்படுகிறோம்.

ஸ்காட்டின் நாட்குறிப்பு மார்ச் 29 அன்று நின்றுபோகிறது. அந்த நாள்களில் சிம்ப்சன் சிம்லாவுக்குத் திரும்பும் பயணத்தில் இருந்தார். நவம்பர் 12 அன்று தேடுவோர் கூடாரத்தைக் கண்டனர். குழுவின் வானிலைப் பதிவுகளை ஆராய்ந்து சிம்ப்சன் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1919இல் கல்கத்தாவில் அச்சாயிற்று.