ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பிளாசா: நகரசபை எதை, எப்போது தீர்மானிக்கிறது?

என்னிடம் வருட முடிவுக் கணக்குக்கு வரும் ஒருவர் போன மாரியில் தொலைபேசியில் அழைத்தார். ஸ்காபரோவில் ரயில் பாதைக்கு அண்மையிலுள்ள ஒரு பிளாசாவில் கொத்துரொட்டிக் கடை வைத்திருப்பவர். வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் நகரசபையின் அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்களாம், நெடுமாடிக் கட்டடங்கள் வரப்போகின்றனவாம். “அண்ணை, இது இன்னும் முடிவாகேல்லைத்தானே?” என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: “உங்கட லீசில டெமோலிஷன் கிளாஸ் இருக்கா?” அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் கடையை நடத்துகிறார்.

ஊரில் காணி வாங்கினால் உறுதியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். இங்கே உறுதியைவிட அந்தக் காணியைப் பற்றி நகரசபை என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் பெரிது. பலகையில் “மாற்றம் முன்மொழியப்பட்டுள்ளது” என்றுதான் இருக்கும். ஆனால் பலகை வரும்போது கதை பாதி தாண்டிவிடும். பல இடங்களில் முக்கியமான முடிவு அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பார்ப்போம். கோ ரயிலை நகரசபை ஓட்டுவதில்லை. 1967 மே 23 இல் லேக்ஷோர் பாதையில் தொடங்கிய இந்தச் சேவை இன்று மாகாண அரசின் மெற்றோலிங்க்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், எத்தனை தண்டவாளம் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். நகரசபையின் அதிகாரம் தண்டவாளத்துக்கு வெளியே தொடங்குகிறது: சுற்றியுள்ள காணிகளில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம், எந்த வீதியை அகலமாக்குவது, சில நிலையங்களுக்கு நகரம் எவ்வளவு காசு போடுவது.

நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளை ஊடறுத்துப் போவது ஸ்டோவில் பாதை. கெனடி, அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம் என்று நிலையங்கள். 1871 இல் ரொறன்ரோ-நிப்பிசிங் ரயில்வே திறந்த பழைய பாதை இது. கோ சேவை 1982 இல் வந்தது. நெடுங்காலம் காலையில் நகரத்துக்கு, பின்னேரம் வீட்டுக்கு என்று மட்டுமே ஓடிய ரயில், 2017 இல்தான் வேலைநாட்களில் பகலிலும் யூனியன்வில் வரை ஓடத் தொடங்கியது. 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பது இலக்கு. அதற்காகத்தான் இரண்டாவது தண்டவாளமும், ஸ்டீல்ஸ் வீதியைத் தண்டவாளத்துக்குக் கீழால் கொண்டுபோன வேலையும்.

அந்த ஸ்டீல்ஸ் வீதிதான் எல்லை. தெற்குப் பக்கம் ரொறன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். ஒரே நிலையத்துக்கு நடந்து போகிறவர்கள் இரண்டு நகரசபைகளின் கீழ் வாழ்கிறார்கள். மார்க்கம் பக்கத்தில் மேலே யோர்க் பிராந்திய சபையும் திட்டங்களை அங்கீகரித்து வந்தது. அந்த அதிகாரத்தை மாகாணம் 2024 ஜூலை 1 உடன் எடுத்துவிட்டது. அஜாக்ஸ், பிக்கரிங் இருக்கும் டூரம் பிராந்தியத்துக்கு அதே மாற்றம் 2025 ஜனவரி 1 இல் வந்தது. ஆகவே பழைய ஞாபகத்தில் பிராந்திய சபைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அது பிழையான வாசல்.

நிலையம் வருகிறது என்ற செய்தியை நம்பிக் கடை எடுப்பவர்களுக்காக இரண்டு பழைய கணக்குகளைச் சொல்கிறேன்.

2013 அக்டோபர் 8 இல் ரொறன்ரோ நகரசபை 24க்கு 20 என்ற வாக்கில் ஸ்காபரோவுக்கு இலகு ரயிலை விட்டுச் சுரங்க ரயிலைத் தெரிவுசெய்தது. கைவிடப்பட்ட திட்டத்தில் 7 நிலையங்கள் இருந்தன. சுரங்க ரயிலுக்கு 3 என்றார்கள், 2016 இல் 1 ஆனது, 2019 இல் மாகாணம் பொறுப்பெடுத்தபின் மறுபடி 3 ஆனது. இதற்கென்று 2014 முதல் 2016 வரை மூன்று தவணைகளில் சொத்து வரியில் 1.6 வீதம் ஏற்றப்பட்டது. வரி உடனே வந்தது. ரயில் வரவில்லை. பழைய ஸ்காபரோ ரயிலோ 2023 ஜூலை 24 இல் தடம்புரண்டதோடு நின்றுபோய், பயணிகள் பேருந்துக்கு மாறினார்கள்.

இரண்டாவது, ஸ்மார்ட்ராக். 2014 மேயர் தேர்தலில் ஜோன் ரோரி 53 கிலோமீற்றர், 22 நிலையங்கள் என்று வாக்குறுதி கொடுத்து வென்றார். அது சுருங்கிச் சுருங்கி, இருக்கும் கோ பாதைகளில் 5 புதிய நிலையங்கள் என்ற திட்டமானது. லோறன்ஸ் ஈஸ்ட் நிலையம் பட்டியலிலிருந்தே விழுந்தது. ஆகவே “பக்கத்தில் ஸ்டேஷன் வருது” என்று சொல்லி ஒரு முகவர் கூடுதல் வாடகை கேட்டால், கட்டுமான ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நகரசபையின் தீர்மானம் மட்டும் இருந்தால் அது இன்னொரு தீர்மானத்தால் மாறக்கூடியது.

ஆனால் ஒன்று அவ்வளவு இலேசில் மாறாது. அதுதான் நிலையத்தைச் சூழ்ந்த காணிகளுக்கான திட்டம். ஒரு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 500 முதல் 800 மீற்றர் வரை, அதாவது 10 நிமிட நடைதூரத்தை, நகரசபை தன் உத்தியோகபூர்வத் திட்டத்தில் தனி வலயமாகக் குறிக்க வேண்டும் என்பது மாகாணக் கொள்கை. 2024 அக்டோபர் 20 இல் நடைமுறைக்கு வந்த திட்டமிடல் கூற்றின்படி அந்த வலயத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆகக் குறைந்தது எத்தனை பேர் வாழவும் வேலை செய்யவும் இடம் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது: சுரங்க ரயிலுக்கு 200, இலகு ரயிலுக்கு 160, கோ ரயிலுக்கு 150. ஒரு மாடிக் கடைகளும் பரந்த வாகனத் தரிப்பிடமுமாகக் கிடக்கும் பிளாசா இந்தக் கணக்குக்குள் எப்படியும் அடங்காது. இப்படிக் குறித்த ஒரு வலயத்தைப் ‘பாதுகாக்கப்பட்ட’ நிலைய வலயமாக மாகாண அமைச்சர் அங்கீகரித்துவிட்டால், அங்கே அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டையும் ஆகக் குறைந்த அடர்த்தியையும் எதிர்த்துப் பொதுமக்கள் மேன்முறையீடு செய்ய முடியாது. பலகை வருவதற்கு முன்பே முடிந்துவிட்ட முடிவு என்று நான் சொன்னது இதைத்தான்.

அதன்பின் வருவது குறிப்பிட்ட காணிக்கான வலய மாற்ற விண்ணப்பம். விண்ணப்பம் கிடைத்து 90 நாட்களுக்குள் நகரசபை முடிவு சொல்லாவிட்டால் கட்டடக்காரர் ஒன்ராறியோ காணி நியாயசபைக்குப் போகலாம். நகரசபை மறுத்தாலும் போகலாம். அயலவர்களும் முன்பு போகக்கூடியதாக இருந்தது. 2024 ஜூன் 6 இல் சட்டமான 185 ஆம் இலக்கச் சட்டமூலம் அந்த வாசலை மூடிவிட்டது. இப்போது விண்ணப்பதாரர், அரச அமைப்புகள், அந்தக் காணியின் பதிவுபெற்ற சொந்தக்காரர், பிறகு சட்டம் பெயர் குறித்த சில நிறுவனங்கள் மட்டுமே போகலாம். அந்தச் சில நிறுவனங்களுக்குள் 300 மீற்றருக்குள் தண்டவாளம் வைத்திருக்கும் ரயில்வே கம்பனியும் அடக்கம். அந்தக் காணியிலேயே கடை வைத்து வாடகை கட்டுகிறவர் அடக்கமில்லை.

ஆகவே எஞ்சியிருப்பது பொதுக்கூட்டம் ஒன்றுதான். அதற்கான அறிவித்தலைக் குறைந்தது 20 நாட்களுக்கு முன் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் 120 மீற்றருக்குள் உள்ள காணிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். சொந்தக்காரர் என்ற சொல்லைக் கவனியுங்கள். 7 அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடமாயின், குடியிருப்பவர் எல்லோரும் காணும் இடத்தில் அதை ஒட்டும்படி சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்வார்கள். பிளாசாக் கடைக்காரருக்குப் பலகைதான் கடிதம்.

ஸ்காபரோவில் இந்தக் கூட்டம் பெரும்பாலும் ஸ்காபரோ சமூக சபையில் நடக்கும். 6 உறுப்பினர்கள் இருப்பார்கள். அதன்பிறகே முழு நகரசபைக்குப் போகும். முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம். குடியுரிமை தேவையில்லை, அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரும் பேசலாம். “கட்டடமே வேண்டாம்” என்று பேசினால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் சிறிய கடைகளுக்கு இடம் ஒதுக்கு, கட்டட வேலையைக் கட்டம் கட்டமாகச் செய், கடைசிக் கட்டம் வரை இந்த வரிசைக் கடைகளை விட்டுவை என்று கேட்டால் கட்டடக்காரரோடு பேரம் பேச நகரசபை உறுப்பினருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வீடு வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ரொறன்ரோவில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகள் இடிக்கப்படுவதாயின், அவற்றுக்குப் பதிலாக வாடகைக் குடியிருப்புகள் கட்டவேண்டும், குடியிருந்தவர்களுக்கு உதவி கொடுக்க வேண்டும் என்று நகரத்தின் விதி இருக்கிறது. இடிப்பதற்கு எழுத்தில் 120 நாள் அறிவித்தலும் வேண்டும். கடை வாடகைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கடைக்காரரைக் காப்பது அவர் கையெழுத்துப் போட்ட குத்தகைப் பத்திரம் மட்டுமே.

அந்தப் பத்திரத்தை நம்மவர்களில் பலர் வாசிப்பதில்லை. வாடகை எவ்வளவு, எத்தனை வருடம், அவ்வளவுதான். உள்ளே எங்கோ, காணியை மீளக் கட்டுவதாயின் இத்தனை மாத அறிவித்தலோடு குத்தகையை முடிக்கலாம், நட்டஈடு இல்லை என்று ஒரு வாசகம் இருக்கும். இந்த வாசகம் இருந்தால் 10 வருடக் குத்தகை என்பது பெயரளவில்தான் 10 வருடம். அப்படியான கடையில் புகைபோக்கி, குளிர் அறை, நிலத்து ஓடு என்று ஒன்றரை லட்சம் டொலரைப் போட்டவர்களின் பேரேடுகளை நான் எழுதியிருக்கிறேன். வரிச் சட்டத்தில் கடையோடு ஒட்டிய அந்தச் செலவு 13 ஆம் வகுப்புக்குள் போகும். குத்தகைக் காலத்தோடு முதலாவது நீடிப்புக் காலத்தையும் கூட்டி, அத்தனை வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிக்கலாம். பாதியில் கடையை இழந்தால் மிச்சத்தை இழப்பாகக் காட்டலாம் என்பது உண்மை. வரி குறையும், போட்ட காசு திரும்பாது.

இன்னொன்று, வாடகையோடு சேர்த்துக் கட்டும் ரிஎம்ஐ. அதில் முதல் எழுத்து சொத்து வரி. காணியின் மதிப்பீடு அபிவிருத்தி வாய்ப்பினால் ஏறினால், அந்த ஏற்றத்தைக் கட்டுவது பெரும்பாலும் கடைக்காரர். காணி விலை ஏறிய இலாபம் ஒருவருக்கு, வரி இன்னொருவருக்கு. வருட முடிவில் சொந்தக்காரர் அனுப்பும் கணக்கை அப்படியே ஏற்காமல் நகரத்தின் வரிப் பட்டியலின் பிரதியைக் கேளுங்கள்.

வீடு வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு: நிலையம் வந்தால் வீட்டு வரி ஏறுமா? ஒன்ராறியோவில் வரி மதிப்பீடு இன்னும் 2016 ஜனவரி 1 ஆம் திகதிப் பெறுமதியிலேயே நிற்கிறது. மீள்மதிப்பீடு வரும்போதும், நகரத்தின் சராசரியைவிடக் கூடுதலாக ஏறிய வீட்டுக்குத்தான் வரிப் பங்கு கூடும்.

கொத்துரொட்டிக் கடைக்காரரின் பத்திரத்தில் வாசகம் இருந்தது. 6 மாத அறிவித்தல். நல்லகாலம், புதுப்பிக்கும் தவணை அண்மையில் வந்தது. ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, 6 மாதத்தை 18 மாதமாக்கி, கட்டட அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்த பிறகே அறிவித்தல் கொடுக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். நட்டஈட்டுக்குச் சொந்தக்காரர் இணங்கவில்லை. புதிய குளிர் அறைக்கான விலைமனுவை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் இருப்பது அஜாக்ஸில். ஸ்காபரோவில் தனக்கு வாக்கு இல்லை என்றே நினைத்திருந்தார். ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலில், 18 வயது நிரம்பிய கனடியக் குடிமகன் ஒருவர் தான் குடியிருக்காத நகரத்திலும் காணியோ கடையோ சொந்தமாக அல்லது வாடகைக்கு வைத்திருந்தால் அங்கும் வாக்களிக்கலாம். அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் அந்த உரிமை உண்டு. 2026 இல் தேர்தல் நாள் அக்டோபர் 26. ஆனால் குத்தகை கம்பனியின் பெயரில் இருந்தால் இந்த உரிமை இல்லை, ஏனென்றால் அப்போது வாடகைக்காரர் கம்பனிதான். வரிக்காகக் கம்பனி பதியச் சொன்னதே நான்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார்.