குடுமிக் குன்றும் ஓட்டுக் குன்றும்

சிங்கப்பூரின் மேற்கே உள்ள புக்கிட் பாத்தோக்கின் பெயருக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ‘புக்கிட்’ என்றால் மலாயில் குன்று. அதில் தகராறு இல்லை. வழக்கெல்லாம் ‘பாத்தோக்’ பற்றித்தான்.

பலர் வாயிலும் முதலில் வருவது இருமல். இன்றைய மலாயில் இருமல் ‘பாத்துக்’. 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதையே ‘பாத்தோக்’ என்று எழுதினார்கள். கம்போங் கிளாமில் உள்ள ‘ஓ’வும் அந்தப் பழைய வழக்கின் மிச்சம்தான். ஆகவே எழுத்து இடிக்கவில்லை, காரணம்தான் இடிக்கிறது. குன்றின் குளிர்காற்றில் மக்கள் இருமினார்களாம். தீவிலேயே உயரமான புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர். இது அதைவிடத் தாழ்ந்தது. இங்கே எந்தக் குளிர்? கற்சுரங்கத்தில் வெடி வைக்கும்போது மலை இருமுவதுபோல் கேட்டது என்பது இன்னொரு கதை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பெயருக்குப் பிறகு முளைத்த கதை என்றே எனக்குப் படுகிறது.

கல்லைக் குறிக்கும் ‘பாத்து’ சீனர் நாவில் ‘பாத்தோக்’ ஆயிற்று என்பாரும் உண்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மலாயில் சொல்லின் கடைசியில் வரும் ‘க்’, தமிழில் நாம் அழுத்துவதுபோல் ஒலிக்காது. தொண்டையில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும்; அதனால் ‘பாத்து’வும் ‘பாத்தோக்’கும் காதுக்கு நெருங்கியே ஒலிக்கும். கல்லுக்கும் இங்கே பஞ்சமில்லை. ‘குட்டி குய்லின்’ என்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த நீர்நிலையே கைவிடப்பட்ட கற்சுரங்கம்தான்.

என் மனம் சாய்வது ஜாவானியர் பக்கம். லிட்டில் இந்தியாவை ஒட்டி இன்றும் கம்போங் ஜாவா சாலை இருக்கிறதே, அந்த ஜாவானியர்தான். அவர்கள் வைத்த தென்னந்தோப்பால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆனால் ஜாவானிய மொழியில் அந்தச் சொல் தென்னையைக் குறிப்பதில்லை. தேங்காய் ஓட்டை, நம் கொட்டாங்கச்சியைக் குறிக்கிறது. அங்கே இருமல் ‘வாத்துக்’, கல் ‘வாத்து’. பெயர் வைத்தவர் ஜாவானியர் என்றால் இருமலும் கல்லும் கழன்றுவிடும், ஓடு மட்டுமே நிற்கும். அப்படியானால் தோப்பைவிடக் குன்றின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதே பொருந்தும். கவிழ்த்த ஓடுபோல் ஒரு மேடு.

மலாயில் மண்டையோட்டுக்கும் இதே சொல் உண்டு: ‘பாத்தோக் கெப்பாலா’. தமிழில் ‘ஓடு’ தேங்காய்க்கும் தலைக்கும் பொதுவாக நிற்பதுபோலத்தான். இனி, பக்கத்தில் உள்ள புக்கிட் கோம்பாக்கைப் பாருங்கள். ‘கோம்பாக்’ என்பது மழித்த தலையில் விடும் முடிக்கற்றை, அதாவது குடுமி. புதுக்கோட்டைச் சீமையில் நமக்கு ஒரு குடுமியான்மலை இருப்பதுபோல, இங்கும் ஒரு குடுமிக் குன்று. அதற்குப் பக்கத்திலேயே தலையோட்டுக் குன்று. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இருமல் கதையைவிட இந்த அண்டைவீட்டுச் சாட்சியம் எனக்கு வலுவாகத் தெரிகிறது.

1942இல் ஜப்பானியர் தீவின் பெயரையே ‘சியோனான்’ என்று மாற்றினார்கள். போர்க்கைதிகளை வேலை வாங்கி, புக்கிட் பாத்தோக் குன்றின் மேல் தங்கள் போர்வீரர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதன் பின்னால் நேசநாட்டு வீரர்களுக்கு ஒரு சிலுவையும் நின்றது. 1945இல் ‘சியோனான்’ போயிற்று, தூணும் சிலுவையும் போயின. பெயர் தெரியாத யாரோ வைத்த ‘பாத்தோக்’ நிலைத்து, 1990இல் திறந்த எம்ஆர்டி நிலையத்துக்கும் பெயராயிற்று.