வாக்குப் பெட்டிக்குள் ஒரு மின்சுற்றுப் பலகை

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அமைந்துள்ள எலவனாசூர்கோட்டை, விழுப்புரம் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த 2001-ஆம் ஆண்டில், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, சட்டமன்றத் தேர்தலில் முத்திரை குத்தி மடிக்கும் வாக்குச்சீட்டைக் கைவிட்டுப் பொத்தானை அழுத்தி வாக்களித்தது. அந்த இயந்திரத்தின் உயிர்நாடி, உள்ளே பொருத்தப்பட்ட சிறிய மின்சுற்றுப் பலகையும், அதில் அமர்ந்திருந்த மைக்ரோகன்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தியுமே ஆகும். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளிக்கருவிகளோடு பேசும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லுக்குள் அடங்கி, ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி. பலகையை வடிவமைத்தவர்கள் அதில் எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள் என்பதே அதன் வரலாற்றில் முதன்மையான செய்தி.

தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.எல். ஷக்தர் 1977-இல் முன்வைத்த கருத்தை ஏற்று, ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979-இல் மாதிரிக் கருவி ஒன்றை உருவாக்கியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் பின்னர் இப்பணியில் இணைந்தது. கேரளத்தின் பரூர் தொகுதியில் 1982 மே 19 அன்று 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டபோதும், சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்ததால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை கருவி காத்திருக்க நேர்ந்தது.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் தமிழ் வாசகர்கள் அறிந்த எழுத்தாளர் அவரே. புறவடிவத்தை மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும் வகுத்தனர்.

இயந்திரம் இரண்டு பெட்டிகளால் ஆனது. வாக்காளர் பொத்தானை அழுத்தும் வாக்களிப்புக் கருவியும், வாக்குச்சாவடி அலுவலரின் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் 5 மீட்டர் நீளக் கம்பி வடத்தால் இணைக்கப்படுகின்றன. அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அனுமதித்த பிறகே அடுத்த வாக்கைக் கருவி ஏற்கும். வாக்கு பதிவானதும் வேட்பாளர் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்து நீண்ட ஒலி எழும். இவ்வளவுக்கும் மின்சாரம் தருவது ஒரு பேட்டரித் தொகுப்பே, தொடக்கக் காலக் கருவிகளில் அது வெறும் 6 வோல்ட். ஆகவே மின் இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்வராயன் மலைமேல் உள்ள சாவடியிலும் எலவனாசூர்கோட்டைச் சாவடியிலும் கருவி ஒரே வகையில் இயங்கும். பேட்டரியைக் கழற்றினாலும் பதிவான வாக்குகள் அழியாதிருக்க, மின்சாரமின்றியும் தரவைக் காக்கும் நினைவகச் சில்லுகள் பலகையில் பொருத்தப்பட்டன. கம்பியில்லாத் தொடர்புக்கான பகுதி எதுவும் வைக்கப்படவில்லை. இயங்குதளம் என்னும் பொதுவான ஆணைத்தொகுப்பும் இல்லை. நிரலோ, ஒருமுறை பதித்தபின் மாற்றி எழுத முடியாத வகையில் சில்லுக்குள்ளேயே நிலைநிறுத்தப்பட்டது. வசதிகளை இப்படி வலிந்து மறுத்த துணிவே இவ்வடிவமைப்பின் பெருமை என்று கொள்ள வேண்டும்.

துறத்தலுக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு வாக்களிப்புக் கருவியில் 16 பொத்தான்கள், ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு அதிகபட்சம் 4 வாக்களிப்புக் கருவிகள் என்று பழைய பலகை வரையறுக்கப்பட்டிருந்ததால், 64 பேருக்கு மேல் போட்டியிட்டால் வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது. இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று: 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் களம் இறங்கியதால், வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டி வந்ததைத் தமிழகம் கண்டிருந்தது. 2013-க்குப் பின் வந்த எம்-3 என்னும் மூன்றாம் தலைமுறைக் கருவியில் 24 வாக்களிப்புக் கருவிகள் வரை இணைக்க முடிந்தமையால் வரம்பு 384 ஆக உயர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள் நின்றபோது, யாருக்கும் வாக்கில்லை என்ற நோட்டாவையும் சேர்த்து, ஒவ்வொரு சாவடியிலும் 5 வாக்களிப்புக் கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டன.

இடைப்பட்ட மாற்றங்களுள் முக்கியமானது 2006-இல் நிகழ்ந்தது. சென்னை ஐஐடியின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, இரு பெட்டிகளுக்கும் இடையே கம்பியில் செல்லும் சைகைகள் அவ்வப்போது மாறும் குறியீடாக்கப்பட்டன. ஒவ்வொரு பொத்தான் அழுத்தமும் எந்நேரத்தில் நிகழ்ந்தது என்பதைப் பதியும் கடிகாரமும் சேர்ந்தது. எனினும் 2010-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்ரைப் ஆகியோர், கருவியைத் திறக்கும் வாய்ப்புக் கிடைத்தால், எண்களைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு அதைப் போன்றே தோன்றும் போலிப் பலகையைப் பொருத்தி முடிவைத் திரிக்க முடியும் என்று செய்து காட்டினர். எளிமை தொலைவிலிருந்து வரும் ஊடுருவலைத் தடுக்குமே தவிர, பெட்டியைக் கையில் வைத்திருப்பவரைத் தடுக்காது என்ற அவர்களது வாதம் நியாயமானது. முத்திரைகளும் காவலும் வடிவமைப்பின் பகுதியே ஆனது அதனால்தான்.

வாக்காளர் 7 நொடிகள் பார்க்கக்கூடிய ஒப்புகைச் சீட்டை அச்சிடும் விவிபாட் கருவி 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமானபின், சரிபார்க்க வேண்டிய பலகை இன்னொன்றும் கூடியது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று, வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்பும் கோரிக்கையை நிராகரித்த அதே தீர்ப்பில், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், மக்களவைத் தொகுதியின் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காட்டு இயந்திரங்களின் நுண்கட்டுப்படுத்திகளில் பதிக்கப்பட்ட நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கட்டுப்பாட்டுக் கருவி, வாக்களிப்புக் கருவி, விவிபாட் ஆகிய மூன்றின் சில்லுகளும் இச்சோதனைக்கு உட்பட்டன.